ஸ்டாருக்குப் பின்னால் ஒரு எக்ஸ்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று ஐசியில், அதாவது அடையாள அட்டையில் இருப்பது. அதை அரசாங்கமும் ஆஸ்பத்திரியும் பயன்படுத்தும். மற்றொன்று ஊர் வைத்தது. அதைச் சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற எல்லோரும் பயன்படுத்துவார்கள். இந்த இரண்டாவது பெயரை முகத்துக்கு நேரே சொல்வது பெரிய குற்றம். முதுகுக்குப் பின்னால் சொல்லாமல் இருப்பதும் ஏறக்குறைய அதே அளவு குற்றம்தான், ஏனென்றால் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று எதிரே நிற்பவருக்குப் புரியாது.

அப்படி ஒரு தோட்டமே பொத்திப் பொத்தி வைத்திருந்த பட்டப்பெயர்களை, ஒன்று விடாமல் ஒரு பிளாப்பி டிஸ்க்கில் ஏற்றி, உறையில் போட்டு ஒட்டி, கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. (வேண்டுமென்று செய்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.)

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. ஈப்போவில் ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கி வந்திருந்தேன். ரிங்லெட்டைத் தாண்டி மேலே இருந்த எங்கள் தோட்டத்துக்கு அந்த வருடம்தான் முதல் கணினி வந்து இறங்கியது. அதைத் தொடத் துணிந்தவன் நான் ஒருவன் என்பதால் என்னைத் தற்காலிகக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக வைத்துக்கொண்டார்கள். மலைக் குளிரில் டிஸ்க்குகளில் பூஞ்சணம் பிடிக்கும் என்று ஒரு அலமாரிக்குள் இருபத்து நாலு மணி நேரமும் பல்பு எரிய விட்டிருந்தோம். அந்த அலமாரிச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, நாட்டின் கஜானாவையே காவல் காப்பவன் போல நான் நடந்தேன். அந்த நடையை இன்று நினைத்தாலும் எனக்கே என்னை நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

வீட்டில் நிலைமை அவ்வளவு பெருமைக்குரியதாக இல்லை. அப்பா இல்லை. அம்மா லெட்சுமி கொழுந்து எடுப்பவர். வருடக் கடைசியில் அவருக்கு ஐம்பத்தைந்து வயது, அதோடு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் ஒரு மாதத்தில் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். தற்காலிகக் கிராணிக்கு வீடு கிடையாது. நிரந்தரமாக்கினால்தான் குவாட்டர்ஸ். ஆக, வருடம் முடிவதற்குள் நான் நிரந்தரமாக வேண்டும், இல்லாவிட்டால் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டும். எங்கே இறங்குவது என்றும் தெரியாது. கீழே தாப்பாவில் எங்களுக்குத் தெரிந்த ஒரே இடம் பஸ் ஸ்டாண்டுதான்.

அதற்காகத்தான் நான் உயிரைக் கொடுத்து ஒரு புரோகிராம் எழுதினேன். எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், எத்தனை பேர், பிள்ளைகளுக்கு என்ன வயது, தடுப்பூசி போட்டாயிற்றா, நாய் உண்டா, எல்லாம் அதில் தெரியும். லயம் மட்டுமல்ல, குவாட்டர்ஸ், மேலாளரான துரையின் பங்களா எல்லாவற்றையும் சேர்த்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு கோப்பு.

கோப்புக்குப் பெயர் வைப்பதில்தான் வந்தது வினை. அந்தக் காலத்துக் கணினியில் கோப்பின் பெயர் எட்டு இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் போகக் கூடாது. முனியாண்டி என்று இங்கிலீஷில் அடித்தால் சரியாக எட்டு. அதுவரைக்கும் சந்தோஷம். ஆனால் எங்கள் தோட்டத்தில் நாலு முனியாண்டிகள் இருந்தார்கள். லெட்சுமிகள் மூன்று பேர், சுப்ரமணியங்களை எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன். முதலில் முனியாண்டி ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாளில் எது எவர் என்று எனக்கே குழம்பியது.

ஊர் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்த வழி இருக்க நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? நிற்கும்போதெல்லாம் ஒரு காலைச் சுவரில் மடக்கி வைத்து ஒற்றைக் காலில் நிற்கும் முனியாண்டி, 'கொக்கு'. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத முனியாண்டி, 'ரேடியோ'. எட்டெழுத்துக்குள் கச்சிதமாக அடங்கின. குழப்பமே இல்லை. அந்த வேகத்தில் தோட்டம் முழுவதையும் பட்டப்பெயரிலேயே அடித்துத் தள்ளினேன். கோப்புக்குள் பெயருக்கென்று தனியாக இடம்கூட விடவில்லை. கோப்பின் தலையிலேயே பெயர் இருக்கிறதே, எதற்கு இரண்டு தடவை அடிப்பது என்ற சிக்கனம்.

பெரிய கிராணியையும் விடவில்லை. துரை எது சொன்னாலும் தலையாட்டுவார் என்று அவருக்கு ஊர் வைத்த பெயர் 'ஆமாசாமி'. ஆள் எண்ணும் காலைப் பெரட்டுக்கு எல்லோரும் விடியலில் வந்து வரிசையில் நிற்க, துரை மட்டும் பத்து மணிக்குத்தான் பங்களாவை விட்டு வெளியே வருவார். அதனால் அவர் 'பத்துமணி'. இங்கிலீஷில் ஒன்பது எழுத்து வந்ததால் கணினி கடைசி எழுத்தை வெட்டி 'பத்துமன்' ஆக்கிவிட்டது. துரை மலாக்காக்காரர், தமிழில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். அதனால் எனக்குத் தைரியம்.

என் அம்மாவுக்கும் ஒரு பெயர் இருந்தது. எங்கே சண்டை நடந்தாலும் யாரும் கூப்பிடுவதற்கு முன் முதல் ஆளாகப் போய் நிற்பார், அதுவும் பெரிய சத்தத்தோடு. தீயணைப்பு வண்டிக்கு மலாயில் சொல்வதையே அவருக்கு வைத்துவிட்டார்கள், 'பொம்பா'. எங்கள் வீட்டுக் கோப்புக்கும் அந்தப் பெயர்தான். மற்ற வீட்டுக்கெல்லாம் வைத்துவிட்டு நம் வீட்டுக்கு மட்டும் வைக்காமல் விட்டால் நியாயமாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குச் சிரிப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

புரோகிராம் ஓடுவதைப் பார்த்துவிட்டுத் துரை தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல, அங்கே கணினிப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த மிஸ்டர் லிம் எனக்கே போன் செய்தார். இன்னும் மூன்று தோட்டங்களில் இதை வைக்கலாம், டிஸ்க்கில் கட்டி அனுப்பு என்றார். ஒரு நிபந்தனை போட்டார். புரோகிராம் மட்டும் வர வேண்டும், பழகிப் பார்க்க இரண்டு மூன்று மாதிரிக் குடும்பங்கள் வரலாம், உங்கள் தோட்டத்து வீடு ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. இது சரியாக முடிந்தால் உன் வேலை விஷயமாக நான் எழுதுகிறேன் என்றும் சொன்னார். அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் உடனே பெரிய கிராணி குவாட்டர்ஸுக்குப் பக்கத்து வீடு காலியாகத்தானே இருக்கிறது, அதில் அடுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

ராமு, சோமு, வள்ளி என்று மூன்று கற்பனைக் குடும்பங்களை உருவாக்கினேன். நிஜக் கோப்புகளிலிருந்து இவர்களைப் பிரித்துக் காட்ட ஓர் அடையாளம் வேண்டும். எக்ஸ் என்று ஓர் எழுத்து போடலாம். எங்கே போடுவது? முன்னாலா, பின்னாலா?

விவரம் தெரிந்த எவனும் முன்னால்தான் போட்டிருப்பான். எனக்குக் கை வரவில்லை. ஐசியில் அனாக் லெலாக்கி, இன்னாரின் மகன், என்று நடுவில் போட்டு எழுதினாலும், கோயில் நோட்டீஸிலும் கல்யாணப் பத்திரிகையிலும் நமக்குத் தலைப்பெழுத்து முன்னால்தான். பெயருக்கு முன்னால் நிற்கிற ஒற்றை எழுத்து தகப்பனாருடையது. எக்ஸ். ராமு என்றால் என்ன அர்த்தம்? எக்ஸில் ஆரம்பிக்கிற அப்பன் எந்தத் தோட்டத்தில் இருக்கிறான்? கற்பனை ராமுதான் என்றாலும், தகப்பன் பெயர் தெரியாதவனாக ஒருவனை உருவாக்க எனக்கு மனசு வரவில்லை. (கணினியில் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்தேன் என்பதை என் பிள்ளைகள் இன்றுவரை நம்பவில்லை.) ஆகவே எக்ஸைப் பெயருக்குப் பின்னால் போட்டேன்.

இனி டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். கணினியிடம் ஒவ்வொரு கோப்பாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை, பெயரின் சாயலைச் சொன்னால் போதும். அதற்கு ஸ்டார் என்று ஒரு நட்சத்திரக் குறி உண்டு. அது நிற்கிற இடத்தில் எந்த எழுத்து இருந்தாலும் சரி என்று பொருள். புரோகிராம் கோப்புகளை முதலில் ஏற்றினேன். பிறகு மாதிரிக் குடும்பங்களுக்காக, 'எக்ஸில் முடிகிற வீட்டுக் கோப்புகளை மட்டும் எடு' என்ற நினைப்பில் *X.DAT என்று அடித்தேன். DAT என்பது வீட்டுக் கோப்புகளுக்கெல்லாம் நான் வைத்த வால். படிக்கவே அழகாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் துரை பின்னால் வந்து நின்றார். ஏறுகிற ஒவ்வொரு கோப்பின் பெயரையும் திரையில் வரிசையாகக் காட்டுவது கணினியின் வழக்கம். அது சந்தைக்கடை மாதிரித் தெரியும், திரை சுத்தமாக இருந்தால் துரைக்கு மதிப்பாக இருக்கும் என்று, பெயர்களைக் காட்டாதே என்றொரு கட்டளையையும் சேர்த்து அடித்தேன். திரை சுத்தமாக இருந்தது. டிஸ்க் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் கரகரத்தது. மூன்று கோப்புக்கு இவ்வளவு நேரமா என்று ஒரு கணம் தோன்றியது. குளிராக இருக்கும் என்று முடிவு செய்தேன்.

அனுப்புவதற்கு முன் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஈப்போ வகுப்பில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை. உறையை ஒட்டி, கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூருக்குக் முட்டைக்கோஸ் ஏற்றிப் போகிற லோரி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, வாயில் விசிலோடு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தது அந்தக் கடிதம். லிம் அனுப்பியதல்ல, வீட்டு வசதியைப் பார்க்கும் மேலதிகாரி துரைக்கு எழுதியது. டிஸ்க்கில் வந்த வீட்டுப் பட்டியலை வேலையாட்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். தோட்டத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பதிவில் இல்லாத வெளியாட்கள் குடியிருப்பது தெரிந்ததாம். கொக்கு, ரேடியோ, பொம்பா, ஆமாசாமி என்று நீளமாக ஒரு பட்டியல் இணைத்திருந்தார்கள். மேலாளரின் பங்களாவிலேயே பத்துமன் என்ற ஒருவர் இரண்டு நாய்களோடு தங்கியிருப்பது மிகவும் வருந்தத்தக்கது என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. வீடு வீடாகச் சரிபார்க்க ஆள் வரும், பட்டியலில் உள்ள ஆள்தான் குடியிருக்கிறார் என்று உறுதியாகாத வீடு காலி செய்யப்படும், அதுவரை யாருக்கும் புதிய வீடு ஒதுக்கக் கூடாது.

துரை என்னைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார். இதெல்லாம் செல்லப்பெயர்கள் சார், ஆட்கள் நம் ஆட்கள்தான் என்று ஒருவழியாக விளக்கினேன். சரி, என் பங்களாவில் இருக்கும் பத்துமன் யார் என்று கேட்டார். கணினியில் ஏதோ கோளாறு சார் என்றேன். அவர் என்னை நம்பினார் என்பதுதான் கொடுமை. அப்படியே தலைமை அலுவலகத்துக்கும் பதில் எழுதினார். அங்கே அந்தப் பதிலை யாரும் ஏற்கவில்லை. ஆள் வருவது உறுதியாயிற்று.

வெளியே வந்தால் பெரிய கிராணி காத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். பட்டியலை என் மேசைமேல் வைத்து விரலால் ஓர் இடத்தைத் தொட்டார்.

"செல்வம், எட்டாம் நம்பர் குவாட்டர்ஸ்ல ஆமாசாமின்னு ஒருத்தரு இருக்காராம். அந்த வூட்டுல இருவது வருசமா நான்தான் இருக்கேன். அவர ஒரு தடவகூட பாத்ததில்லியே லா."

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து வேலையைப் பார்த்தார்.

சாயங்காலத்துக்குள் பட்டியல் லயம் முழுக்கப் பரவிவிட்டது. யார் யாருக்கு என்ன பெயர் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். தத்தம் பெயர் மட்டும்தான் தெரியாமல் இருந்தது, அதுவும் அன்று தெரிந்தது. சுப்பையா என்று ஒருவர், கவாத்து வெட்டுபவர், தன்னை ஊரில் எல்லோரும் புலி என்று கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிட்டார்கள். பட்டியலில் 'எலி' என்றிருந்தது. மனுஷன் இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. என்னைப் பார்த்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பட்டப்பெயர் வைத்தது ஊர், எழுதியது நான், ஆனால் திட்டு முழுவதும் எனக்கு.

அன்று இரவு அம்மா சோறு போட்டார், சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்துதான் கேட்டார்.

"எனக்கு என்னா பேரு போட்டிருக்க?"

சொன்னேன்.

"ஊரு சொல்லுது, சொல்லிட்டுப் போவட்டும். நீ எழுதலாமா தம்பி?"

வீடு போகப்போகிறது என்பதைவிட அந்தக் கேள்விதான் அன்று என்னை அதிகம் குத்தியது.

சரிபார்க்கும் நாள் வந்தது. காலை எட்டு மணிக்கு எல்லோரும் ஐசியோடு அவரவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. துரையும் எட்டு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வந்தவர் லிம். அவர் கேட்ட டிஸ்க்கால் வந்த வினை என்று அவரையே அனுப்பிவிட்டார்கள். மடிப்பு மடிப்பாக நீண்ட கணினித் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, பனி விலகாத லயத்தில் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். பின்னால் குடை பிடிக்காத குறையாக நான்.

முதல் வீடு கொக்கு. முனியாண்டி வழக்கம்போல ஒரு காலைச் சுவரில் மடக்கி வைத்துக்கொண்டு நின்றார். கொக்கு நீதானா என்று லிம் மலாயில் கேட்டார். இல்லை, நான் முனியாண்டி என்று அவர் ஐசியை நீட்டினார். லிம் தாளில் ஒரு குறி போட்டார். எட்டிப் பார்த்தேன். எக்ஸ். அடுத்த வீட்டில் ரேடியோ, வாழ்க்கையில் முதல் முறையாக வாயைத் திறக்கவே இல்லை, தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினார். இன்னொரு எக்ஸ். அடுத்த வீட்டிலும் எக்ஸ். எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் அந்தப் பெயர் என்னுடையதுதான் என்று ஊருக்கு எதிரே ஒத்துக்கொள்ள வேண்டும். உயிரே போனாலும் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்தாவது எக்ஸ் விழுந்தபோது நான் அழுகிற நிலையில் இருந்தேன். நான் சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தால், நீ பேசாதே என்று லிம் கையைக் காட்டினார். நான் சொல்வதை எதற்காக அவர் நம்ப வேண்டும்?

எங்கள் வீடு பதினோராவது. அம்மா அதன் வாசலில்தான் நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையைத் தாண்டி நேரே லிம்முக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் பொம்பா," என்றார் மலாயில்.

லிம்முக்கு அந்த வார்த்தை தெரியும். அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஏன் அப்படி ஒரு பெயர் என்று கேட்டார். அம்மா லயத்துப் பக்கம் திரும்பி அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தார்.

"டேய் கொக்கு! ஒத்தக் கால்ல நிக்கிறவன் ஒன்னைய விட்டா வேற எவன்டா இருக்கான் இங்க? கையத் தூக்கு! ரேடியோ, இன்னிக்குன்னு பாத்துத்தான் ஒனக்கு பேட்டரி தீந்துபோச்சா? பேரு போனா போவுது லா, வூடு போனா பொண்டாட்டி புள்ளைய எங்க கொண்டு போயி வைப்ப?"

குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. லிம் இரண்டடி பின்னால் நகர்ந்திருந்தார். பெயர்க் காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது. தாளைச் சுவரில் வைத்துக்கொண்டு, பொம்பா என்ற இடத்தில் பெரிதாகச் சரி போட்டார்.

கொக்கு முதலில் காலை இறக்கினார், பிறகு கையைத் தூக்கினார். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ரேடியோ நான்தான் ரேடியோ என்று சொல்ல ஆரம்பித்து, எந்த வருடம் எப்படி யாரால் வந்தது என்று விளக்கத் தொடங்க, லிம் அவசரமாகச் சரி போட்டு நகர்ந்தார். அதற்குப் பிறகு ஆட்கள் அவர்களாகவே முன்னால் வந்தார்கள். லிம் ஒவ்வொரு பெயருக்கும் அர்த்தம் கேட்டுத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டே போனார். சுப்பையா மட்டும் கடைசிவரை புலி என்றே போராடினார். அவருடைய மனைவிதான் உள்ளேயிருந்து, "எலிதான் தவுக்கே, எளுதிக்குங்க," என்று லிம்மை முதலாளியாக்கி முடித்து வைத்தார்.

குவாட்டர்ஸுக்குப் போனோம். பெரிய கிராணி வெள்ளைச் சட்டையும் டையும் கட்டி வாசலில் நின்றார். லிம் தாளைப் பார்த்து மிஸ்டர் ஆமாசாமி என்று கூப்பிட்டதுதான் தாமதம், இருபது வருடப் பழக்கத்தில் அவர் வாய் தானாகவே "யெஸ் சார்" என்றது. லிம் சரி போட்டார். அர்த்தத்தை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மிஞ்சியது பங்களா. பின்னாலேயே தொடர்ந்து வந்த பாதித் தோட்டமும் கூடி நின்றது. பத்துமன் யார் என்று லிம் என்னைக் கேட்டார். பெயர் பாதியில் வெட்டுப்பட்டுவிட்டது சார் என்றேன். முழுப் பெயர் என்ன? பத்துமணி. அதற்கு என்ன அர்த்தம்? நான் என் கால் சப்பாத்தைப் பார்த்தேன். பெரிய கிராணி வானத்தைப் பார்த்தார். அம்மா மட்டும் சாதாரணமாக, "புக்குல் செபுலோ," என்று மலாயில் மொழிபெயர்த்தார். மணி பத்து.

மணியைப் போய் யாராவது மனுஷனுக்குப் பெயராக வைப்பார்களா என்று லிம் முகத்தைச் சுளித்தார். அப்போதுதான் பங்களா மேட்டிலிருந்து துரையின் ஜீப் மெதுவாக இறங்கி வந்தது. எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன மனுஷன். லிம் ஜீப்பைப் பார்த்தார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு குனிந்து தாளில் கடைசிச் சரியைப் போட்டார். துரை இறங்கி வந்து எல்லாம் முடிந்ததா, அந்தப் பத்துமன் விஷயம் என்னவாயிற்று என்று விசாரித்தார். அவரும் நேரில் வந்துவிட்டார், சரிபார்த்தாயிற்று என்று லிம் சொன்னார்.

மத்தியானம் லிம் என்னைக் கணினி முன் உட்கார வைத்து, நான் அடித்த *X.DAT என்பதைத் திரும்ப அடிக்கச் சொன்னார். தோட்டம் முழுவதும் திரையில் ஓடியது. அந்தக் கணினி ஸ்டாரைப் பார்த்ததும் அந்தப் பெயரில் மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிடும், அதற்குப் பின்னால் நீ எக்ஸ் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான் என்றார். கையேட்டில் இருக்கிறதாம். (கையேட்டில் நானும் பாதியில் படிப்பதை நிறுத்தியிருந்தேன்.) எக்ஸை முன்னால் போட்டு X*.DAT என்று கேட்டிருந்தால் ராமு, சோமு, வள்ளி மூன்று பேர் மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஏன் முன்னால் போடவில்லை என்று கேட்டார். தயங்கித் தயங்கி, முன்னால் நிற்பது அப்பா எழுத்து என்பதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, எங்கள் வீட்டிலும் முன்னால் நிற்பது குடும்பப் பெயர்தான், நானாக இருந்தாலும் கை வந்திருக்காது என்றார்.

அவர் எழுதிய அறிக்கைதான் என்னைக் காப்பாற்றியது. இந்தத் தோட்டத்து வீட்டுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆள் நேரில் வந்து நின்றார், தலைமை அலுவலகத்துப் பட்டியலிலோ இறந்துபோன இருவர் இன்னும் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாராம். வருடம் முடிவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது என்னை நிரந்தரமாக்கினார்கள். குவாட்டர்ஸும் கிடைத்தது. ஆமாசாமி வீட்டுக்குப் பக்கத்து வீடு. அடுப்பு இடப்பக்கம். நான் எது கேட்டாலும் "ஆமாம்" என்ற ஒரே வார்த்தையில் பதில் சொல்லியே பெரிய கிராணி ஓய்வு பெறும்வரை என்னைப் பழிவாங்கினார்.

துரைக்கு அர்த்தத்தை ஜீப் டிரைவர் அன்றே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் அவர் வந்து நின்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் தாமதமாக வரவில்லை. பத்து மணிவரை கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த தோட்டம் பட்டப்பெயரை மன்னித்தாலும் இதை மன்னிக்கவில்லை. எனக்கு 'எக்ஸ் கிராணி' என்று பெயர் விழுந்தது. இன்றுவரை ரிங்லெட் கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் என்னைத் தெரியும். என் மகள் எனக்கு அனுப்புகிற பிறந்தநாள் அட்டைகளில் 'எக்ஸ். மாலதி' என்றுதான் கையெழுத்துப் போடுகிறாள். கேட்டால், அப்பா எழுத்து முன்னால்தானே வரணும் என்கிறாள்.

அம்மா ஓய்வு பெற்றபோது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. முப்பத்தெட்டு வருட உழைப்புக்கு நன்றி என்று, என் டிஸ்க் ஏறிய கணினியிலிருந்தே நேராக அச்சடித்தது. பெயர் இருந்த இடத்தில் 'புவான் பொம்பா', திருமதி பொம்பா, என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் இன்றைக்கே லிம்முக்கு எழுதி லெட்சுமி என்று மாற்றி வாங்கித் தருகிறேன் என்றேன். அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"லெட்சுமிங்கிற பேருக்கு வூட்ட விட்டு வெளிய போன்னுதானே சொன்னானுங்க? வூடு குடுத்தது இந்தப் பேருக்குத்தான். இதையே மாட்டு."

சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். இப்போதும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதுதான் தொங்குகிறது.